பழைய சாமான் கடையில் ஒரு ஜப்பானிய வெண்கலத் தொட்டி: வயதை எதை வைத்துச் சொல்வது?

தானமாக வந்த பழைய பொருட்களை விற்கும் இங்கிலாந்தின் சாரிட்டி கடைகளிலும், அமெரிக்காவில் வீட்டைக் காலி செய்யும்போது நடக்கும் எஸ்டேட் சேல்களிலும் அடிக்கடி கண்ணில் படும் பொருள் ஒன்று உண்டு. கறுத்த பழுப்பு நிறம், தூக்கினால் தோளை இழுக்கும் கனம், பக்கவாட்டில் புடைத்து நிற்கும் டிராகனோ கொக்கோ, அடியில் படிக்கத் தெரியாத நாலைந்து எழுத்து. தொங்கும் சீட்டில் 'ஜப்பானிய வெண்கலப் பூந்தொட்டி, மெய்ஜி காலம்' என்று இருக்கும்.

அந்த ஒற்றை வரிக்குள் நான்கு உரிமைகோரல்கள் இருக்கின்றன: ஜப்பான், வெண்கலம், பூந்தொட்டி, மெய்ஜி. நான்கையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்று உண்மை என்பதால் மற்றதும் உண்மையாகிவிடாது. பெரும்பாலானவர்கள் நேராக அடியைத் திருப்பி எழுத்தைப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் எழுத்தைக் கடைசியாகப் பார்ப்பதே நல்லது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மெய்ஜி என்பது ஜப்பானியப் பேரரசர் ஒருவரின் ஆட்சிக்காலப் பெயர், 1868 முதல் 1912 வரை. அதற்கு முன்னால் எடோ காலம் (1603–1868). பின்னால் தைஷோ (1912–1926), ஷோவா (1926–1989). விற்பவர்களுக்கு மெய்ஜி பிடித்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானிய உலோகக் கலை உலகச் சந்தைக்கு வந்து பேரெடுத்தது அந்தக் காலத்தில்தான். அதனால் கறுப்பாக, கனமாக, டிராகனோடு இருப்பதெல்லாம் மெய்ஜி ஆகிவிட்டது.

முதலில், அது வெண்கலம்தானா?

வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. ஜப்பானிய வார்ப்புகளில் காரீயமும் கணிசமாகக் கலந்திருப்பது வழக்கம். காரீயம் சேர்ந்தால் உருகிய உலோகம் நன்றாக ஓடி, அச்சின் நுணுக்கமான மூலைகளை எல்லாம் நிரப்பும். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் அது பித்தளை.

ஏமாற்றும் பொருள் வேறு. 'ஸ்பெல்ட்டர்' என்று கடைக்காரர்கள் சொல்லும் துத்தநாக வார்ப்புதான் அது. மேலே வெண்கல வண்ணம் பூசியிருப்பார்கள். காந்தம் இதைக் காட்டிக்கொடுக்காது. வெண்கலம், பித்தளை, துத்தநாகம் மூன்றிலும் காந்தம் ஒட்டாது, இரும்பில் மட்டுமே ஒட்டும். ஆகவே காந்தம் ஒட்டவில்லை என்பது 'இரும்பு இல்லை' என்பதற்கு மட்டும் சாட்சி.

அதைவிட நல்ல சாட்சி ஏற்கெனவே விழுந்திருக்கும் கீறல்கள். அடி விளிம்பில், தரையில் உரசிய இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பொன்னிறமோ செந்நிறமோ தெரிந்தால் செம்புக் கலவை. வெளிறிய சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகம். நீங்களாகக் கீறிப் பார்க்க வேண்டாம், தேவையும் இல்லை.

சின்னத் தொட்டியாக இருந்தால் எடையையும் உலோகத்தின் கனஅளவையும் வைத்துக் கண்டுபிடிக்கலாம். தண்ணீர் தளும்ப நிற்கும் ஒரு பக்கெட்டில் முழுக்க அமிழ்த்தி, வழிந்த தண்ணீரை அளந்துகொள்ளுங்கள். கிராமில் உள்ள எடையை அந்த மில்லிலிட்டரால் வகுக்க வேண்டும். 4,400 கிராம் தொட்டி 500 மில்லி நீரை வெளியேற்றினால் விடை 8.8, அது வெண்கலத்துக்குப் பொருந்தும். 7-ஐ ஒட்டி வந்தால் துத்தநாகமோ வார்ப்பிரும்போ. 3-க்குக் கீழே என்றால் அலுமினியம் அல்லது பிசினில் வார்த்த போலி. பித்தளைக்கும் 8.5 போலத்தான் வரும், அதனால் அந்த இரண்டையும் இந்தக் கணக்கு பிரித்துக் காட்டாது. அளந்த உடனே நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள்.

பூந்தொட்டி என்று யார் சொன்னது?

நம் ஊர் ஹோட்டல் வரவேற்பறைகளில் பெரிய உருளியில் தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்க விட்டிருப்பார்கள். நம்மைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் அதை வாங்கிப் போய் 'தென்னிந்தியப் பூப்பாத்திரம்' என்று சீட்டு எழுதினால் எப்படி இருக்கும்? அது பாயசம் காய்ச்சிய பாத்திரம் என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது. ஜப்பானிய வெண்கலத் தொட்டிகளில் பாதிக் குழப்பம் இதுதான். கடைசியாக வைத்திருந்தவர் அதில் செடி வைத்தார், அதனால் அது பூந்தொட்டி.

உண்மையில் அது என்னவாக இருந்திருக்கும்? முதல் சந்தேகம் ஹிபாச்சி மேல் விழ வேண்டும். ஹிபாச்சி என்பது கணப்புச் சட்டி. வாய் அகன்ற பாத்திரத்தில் சாம்பலை நிரப்பி, நடுவில் கனன்ற கரியை வைத்துக் கை காய்வார்கள், கெண்டி வைத்துத் தண்ணீர் சுடவைப்பார்கள். மண்ணெண்ணெய் அடுப்பும் மின்சாரமும் வீடுகளுக்குள் பரவியதும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதன் வேலை முடிந்தது. மேற்கு நாடுகளுக்குப் போன ஹிபாச்சிகளில் பலவும் செடி வைக்கும் தொட்டிகளாக மாறின.

ஹிபாச்சியை அடையாளம் காண உள்ளே பாருங்கள். வெளியே மெருகும் வேலைப்பாடும் இருக்க, உள்பக்கம் கரடாக விடப்பட்டிருக்கும். சாம்பல் நின்ற உயரம் வரை நிறம் மாறியிருக்கலாம். சிலவற்றில் செம்புத் தகட்டில் செய்த உள்பாத்திரம் ஒன்று தனியாகக் கழன்று வரும். விளிம்பு தடித்து, கை வைக்க வசதியாக இருக்கும். பக்கங்களில் சிங்கத்தலை அல்லது வளையப் பிடி இருக்கலாம். விருந்தினர் முன் வைப்பதற்காக ஜோடியாகச் செய்வதும் உண்டு. அதனால் உங்கள் கையில் இருப்பது ஜோடியில் ஒன்றாகவும் இருக்கலாம்.

இரண்டாவது சந்தேகம், பூ அலங்காரப் பாத்திரங்கள். இகெபானா என்ற ஜப்பானியப் பூ அடுக்கும் கலைக்கென்றே தனி வடிவங்கள் உண்டு. மேலே தட்டு போல விரிந்து, கீழே இடுங்கி, ஒரு பீடத்தில் நிற்பது உசுபத்தா. இது பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டுகளாகக் கழற்றக்கூடியது. தட்டையாக, ஆழம் குறைவாகத் தண்ணீர் தேக்குவது சுய்பான். இரண்டிலுமே வைப்பது வெட்டிய கிளையும் பூவும்தான், மண்ணில் வேரூன்றிய செடி இல்லை.

மூன்றாவதுதான் உண்மையான பூந்தொட்டி. ஐரோப்பிய வீட்டின் வரவேற்பறையில் பனைச்செடியோ பெரணியோ வைப்பதற்கென்றே ஏற்றுமதிக்காகச் செய்தவை இவை. பெரிய குண்டு வயிறு, நன்றாகப் புடைத்து வெளியே வரும் உருவங்கள், யானைத்தலை போன்ற கால்கள் என்று கொஞ்சம் ஆரவாரமாகவே இருக்கும். இவற்றிலும் அடியில் ஓட்டை இருக்காது, ஏனென்றால் செடி உள்ள மண்தொட்டியை இதற்குள் இறக்கி வைப்பார்கள். ஓட்டை இருந்து, அதன் விளிம்பு பளபளப்பாகவும் இருந்தால் பிற்பாடு யாரோ டிரில் போட்டிருக்கிறார்கள். போன்சாய், அதாவது தொட்டியில் வளர்க்கும் குள்ள மரம், அதற்கான தொட்டி என்று விற்கப்படுபவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். போன்சாய் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது சுட்ட மண் தொட்டிதான்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது இரண்டு. கீறலின் நிறம் உலோகத்தைச் சொல்லும். உள்பக்கமும் அடியும் அந்தப் பொருள் எந்த வேலைக்குப் பிறந்தது என்று சொல்லும். வயதைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது.

கறுப்பு நிறம் வயதா?

இல்லை. அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது.

உலோகத்தின் மேற்பரப்பு காற்றோடும் ரசாயனங்களோடும் வினைபுரிந்து உண்டாகும் மெல்லிய வண்ணப் படலத்துக்குப் பாட்டினா என்று பெயர். செம்பில் தானாகப் பிடிக்கும் பச்சைக் களிம்பும் ஒரு வகைப் பாட்டினாதான். ஆனால் ஜப்பானில் இந்த நிறத்தைக் காலத்தின் கையில் விட்டுவிடுவதில்லை. பட்டறையிலேயே வரவழைப்பார்கள், அது தனித்தொழில். புளித்த அரிசித் தவிட்டு விழுதைப் பூசிச் சுடுவது, வினிகரில் இரும்பை ஊறவைத்த சாற்றைச் சூடான உலோகத்தில் தடவுவது, மயில்துத்தமும் செம்புக் களிம்பும் கலந்த நீரில் வேகவைப்பது, அரக்கு மரப்பாலைப் பூசிச் சூட்டில் இறுக்குவது என்று முறைகள் பல. பட்டறையை விட்டு வெளியே வந்த முதல் நாளிலேயே தொட்டி கறுப்பாகத்தான் இருந்தது. நேற்று வார்த்ததையும் இதே முறையில் கறுக்க வைக்கலாம்.

அப்படியானால் நிறத்தில் எதைப் பார்ப்பது? அது எங்கே தேய்ந்திருக்கிறது என்பதை. கை படும் பிடி, விளிம்பு, டிராகனின் நெற்றி போன்ற மேடான இடங்களில் கறுப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து உள்ளிருக்கும் செம்பழுப்பு தெரிய வேண்டும். நிறம் மாறும் இடம் கோடு போட்டது போல் இருக்காது, கரைந்து மாறும். பள்ளங்களில் பழைய அழுக்கும் மெழுகும் இறுகியிருக்கும். கை எட்டாத இடத்தில் தேய்ந்து, கை படும் இடத்தில் புதிதாக இருந்தால் யாரோ உட்கார்ந்து 'பழசாக்கி'யிருக்கிறார்கள். பள்ளங்களில் மட்டும் ஒரே சீராகப் பச்சைப் பொடி தூவியது போல் இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

வார்த்த விதம் விட்டுச்செல்லும் தடயங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இது. போலி செய்பவர்கள் முகத்தைக் கவனிக்கும் அளவுக்கு முதுகைக் கவனிப்பதில்லை.

வெண்கலப் பாத்திரம் வார்க்க முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று மெழுகு வார்ப்பு: உருவத்தை மெழுகில் செய்து, மேலே மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலையில் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்ப்பார்கள், ஜப்பானில் தேன்மெழுகோடு பைன் மரப் பிசின். ஆனால் சுவாமிமலைச் சிலைகள் பொதுவாக உள்ளே கெட்டியானவை. பாத்திரம் உள்ளே வெற்றிடமாக இருக்க வேண்டும், அதனால் நடுவில் ஒரு மண் உருண்டை வைத்து அதன்மேல் மெழுகைப் பூசுவார்கள். அந்த மண் உருண்டைதான் உள்கரு. இரண்டாவது வழி துண்டு அச்சு: பல துண்டுகளாகச் செய்த அச்சைச் சேர்த்துக் கட்டி நடுவில் உலோகத்தை ஊற்றுவது.

துண்டு அச்சு என்றால் துண்டுகள் சந்தித்த இடத்தில் மெல்லிய வரம்பு விழும். நல்ல பட்டறை அதை அரம் போட்டு ராவிச் சமன் செய்துவிடும். அவசர வேலையில் கால்களுக்கு இடையிலும் பிடிகளின் கீழும் மிச்சம் இருக்கும். உள்கரு நகராமல் இருக்கச் சின்ன உலோகத் துண்டுகளை இடையில் செருகுவார்கள். அவை பிற்பாடு சின்னச் சதுர ஒட்டுப் போலச் சற்று வேறு நிறத்தில் தெரியலாம். இதைப் பார்த்து 'ரிப்பேர் செய்த பொருள்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். கையால் வார்த்ததற்கு அது நல்ல அறிகுறி.

அப்புறம், உளி வேலை. நல்ல வேலையில் வார்த்து முடிந்த பிறகு உருவங்களை உளியால் கூர்மையாக்குவார்கள். ஒரு கைக்கண்ணாடி வைத்து இறகுகளையும் செதில்களையும் பாருங்கள். ஒவ்வொரு கோடும் தனியாக, ஆரம்பமும் முடிவும் உள்ளதாகத் தெரிந்தால் உளி. எல்லாமே மழுங்கி, சோப்பில் அச்செடுத்தது போல் இருந்தால் ஏற்கெனவே உள்ள ஒரு பொருளிலிருந்து எடுத்த நகல் வார்ப்பாக இருக்கலாம்.

பிடியையோ காலையோ திருகாணி கொண்டு மாட்டியிருந்தால் அதன் தலையைக் கவனியுங்கள். கூட்டல் குறி போன்ற பிலிப்ஸ் தலை 1930-களில் வந்தது. அது இருந்தால் ஒன்று பொருளே அதற்குப் பிந்தியது, இல்லையென்றால் அந்த ஆணி பிந்தியது.

ஜப்பானா, சீனாவா?

இதில் விரல் எண்ணும் வழக்கம் ஒன்று உண்டு. ஜப்பானிய டிராகனுக்குக் காலுக்கு மூன்று நகம், சீன அரசவை டிராகனுக்கு ஐந்து என்பார்கள். பொதுவாகச் சரி, ஆனால் சட்டம் இல்லை. ஏற்றுமதிக்குச் செய்தவர்கள் வாங்குபவர் விருப்பப்படி செய்தார்கள். சீனத்தின் பழங்கால யாகப் பாத்திர வடிவங்களை ஜப்பானியர்கள் ஆசையோடு நகலெடுத்ததால் வடிவத்தை மட்டும் வைத்தும் முடிவு சொல்ல முடியாது.

இரண்டு தடயங்கள் கொஞ்சம் நம்பகமானவை. குறுகிய வாய் உள்ள ஜப்பானிய ஜாடிகளில் அடித்தட்டைத் தனியாகச் செய்து பொருத்துவது வழக்கம். அடியில் அந்த வட்டக் கோடு தெரியும். மற்றது, உருவங்களின் போக்கு. ஜப்பானியக் கொக்கு நிஜக் கொக்கைப் பார்த்துச் செய்தது போல் கழுத்தை ஒடித்து, ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கும். பாத்திரத்தின் பெரும் பரப்பு வெறுமையாக விடப்பட்டிருக்கும். சீன வேலையில் இரு பக்கமும் ஒன்றையொன்று ஒத்திருக்கும் அமைப்பு அதிகம்.

மெய்ஜிக்கு ஏன் இத்தனை மவுசு?

தோயாமா மாகாணத்தில் தகாவோகா என்ற ஊர் இருக்கிறது. 1609-இல் மயேதா தோஷினாகா என்ற பிரபு அங்கே கோட்டை கட்டினார். 1611-இல் ஏழு வார்ப்புக் கலைஞர்களை அழைத்துவந்து கனயா என்ற பகுதியில் குடியேற்றினார். முதலில் இரும்பு: சட்டி, பானை, உழவுக் கருவிகள். பிற்பாடு கோயில் மணி, பூஜைப் பாத்திரம், பூ ஜாடி என்று வெண்கலம் வந்தது. இன்றும் ஜப்பானின் செம்பு, வெண்கல வார்ப்புக்கு முதல் ஊர் இதுதான்.

1868-இல் ஆட்சி மாறியது. புதிய அரசு புத்த மதத்தையும் ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவையும் பிரித்தது, புத்தக் கோயில்கள் வருமானம் இழந்தன, அவர்களை நம்பியிருந்த வார்ப்புப் பட்டறைகள் தவித்தன. 1876-இல் போர்வீரர் வகுப்பினரான சாமுராய்கள் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்தது. வாளின் கைப்பிடிக்கும் கைக்காப்புத் தகட்டுக்கும் தங்கம் பதித்துக்கொண்டிருந்த அபாரமான கைகள் ஒரேயடியாக வேலையில்லாமல் நின்றன.

அதே நேரத்தில் வெளியே வாசல் திறந்தது. 1873 வியன்னா உலகக் கண்காட்சியில் ஜப்பான் அரசே கடை விரித்தது. அடுத்த ஆண்டே ஏற்றுமதிக்கென்று ஒரு வர்த்தக நிறுவனம் அரசின் ஆதரவோடு உருவானது. 1876-இல் பிலடெல்ஃபியா, 1878-இல் பாரிஸ். ஹென்றி செர்னுஸ்கி என்ற நிதியாளர் 1871–73 பயணத்தில் ஜப்பானிலும் சீனத்திலும் வாங்கிய வெண்கலப் பொருட்கள் இன்றும் பாரிஸில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுஸுகி சோகிச்சி வார்த்த பன்னிரண்டு வல்லூறுகள் 1893-இல் சிகாகோ கண்காட்சிக்குப் போயின. வாள் செய்த கையின் நுணுக்கமும் மேல்நாட்டுப் பணமும் சேர்ந்த காலம் அது. மவுசு நியாயமானதுதான். ஆனால் அந்தப் பட்டறைகள் 1912-இல் கதவைச் சாத்திவிடவில்லை. தைஷோவிலும் ஷோவாவிலும் அதே அச்சுமுறை, அதே டிராகன் தொடர்ந்தது. சந்தையில் மெய்ஜி என்று போகிறவற்றில் அப்படிப் பிந்தியவை நிறைய.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1941-இல் போருக்காக உலோகப் பொருட்களைச் சேகரிக்கும் ஆணை ஜப்பானில் வந்தது. கோயில் மணிகள், வீட்டு ஹிபாச்சிகள் எல்லாம் உலைக்குப் போயின. ஷிபுயா ரயில் நிலையத்தின் ஹாச்சிகோ நாய்ச் சிலைகூட 1944-இல் அகற்றப்பட்டு, பிறகு உருக்கப்பட்டது. இப்போது அங்கே நிற்பது 1948-இல் மறுபடி வைத்தது. அதற்கு முன்பே கப்பலேறிய பொருட்களுக்கு அந்தக் கதி நேரவில்லை. லீட்ஸிலோ பாஸ்டனிலோ ஒரு மூலைக்கடையில் நல்ல ஜப்பானிய வெண்கலம் கிடைப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இப்போது எழுத்தைப் பார்க்கலாம்

எழுத்து பொதுவாக மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக ஓடும். முதலில் அது வார்ப்போடு வந்ததா, பின்னால் உளியால் வெட்டியதா என்று பாருங்கள். உளி எழுத்தில் கோட்டின் ஓரம் கூர்மையாக இருக்கும். வார்ப்பு எழுத்து ஒரு சின்னச் செவ்வகத்துக்குள் முத்திரை போல் இருக்கும்.

கடைசி எழுத்து 'ஸோ' அல்லது 'சாகு' என்று வாசிக்கப்படுவதாக இருந்தால் 'இன்னார் செய்தது' என்று பொருள், மேலே இருப்பது பெயர். ஆனால் அந்தப் பெயர் பெரும்பாலும் கலைப்பெயர். குருவின் பெயரைச் சீடர் ஏற்பதும், ஒரே பெயரில் பட்டறை முழுவதும் வேலை செய்வதும் சகஜம். அதனால் பெயர் கிடைத்தது என்றால் ஆள் கிடைத்துவிட்டார் என்று ஆகாது.

முதல் மூன்று எழுத்து 'தாய் நிப்போன்', அதாவது மகா ஜப்பான், என்று இருந்தால் அது மெய்ஜி காலத்தில் பரவலாக இருந்த வழக்கம். முதல் எழுத்து கை விரித்துக் கால் அகட்டி நிற்கும் ஆள் போல இருக்கும். இரண்டாவது நடுவில் ஒரு கோடு போட்ட செவ்வகம்.

இன்னொரு முத்திரை பலரைக் கவிழ்க்கும். ஆறு எழுத்தில் 'மகா மிங் வம்சத்து சுவாண்டே ஆட்சியில் செய்தது' என்று சொல்லும் சீன முத்திரை அது. சுவாண்டே ஆட்சிக்காலம் 1426–1435. அந்தக் காலத்து வெண்கலத்துக்கு இருந்த மரியாதையால் பின்வந்த சீனர்களும் ஜப்பானியர்களும் நூற்றாண்டுக் கணக்கில் அதே முத்திரையைப் போட்டார்கள். ஆண்டு சொல்வதற்கு அது உதவாது.

ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் இருந்தால் கணக்கு கொஞ்சம் எளிது. 1891 முதல் அமெரிக்காவுக்கு வரும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று குறிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 'நிப்பான்' என்று எழுதுவதை 1921 வரை ஏற்றார்கள். அதன்பின் 'ஜப்பான்' என்றே இருக்க வேண்டும். 'ஆக்குபைட் ஜப்பான்' (Occupied Japan), அதாவது ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான், என்று இருந்தால் போருக்குப் பிந்தி 1952-க்குள். எழுத்தே இல்லை என்றால் 1891-க்கு முந்தியது என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. உள்நாட்டுக்குச் செய்ததிலும் மற்ற நாடுகளுக்குப் போனதிலும் ஆங்கில எழுத்துக்கு அவசியமே இல்லை. ஒட்டுச்சீட்டு உரிந்தும் போயிருக்கலாம்.

எழுத்தைக் கடைசியில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். உலோகம், வேலைப்பாடு, தேய்மானம் மூன்றும் ஒரு காலத்தைச் சொல்லி, எழுத்தும் அதையே சொன்னால் நம்பலாம். மூன்றும் ஒன்று சொல்லி எழுத்து வேறு சொன்னால் எழுத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வாங்கியாகிவிட்டது, இனி?

புளி போட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். பட்டறைக்காரர் தவிடும் வினிகரும் வைத்து வரவழைத்த நிறம் ஒரே தேய்ப்பில் போய்விடும், பொருளின் மதிப்பில் பெரும்பங்கும் அதோடு போகும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

வெளிர்பச்சை நிறத்தில், தொட்டால் உதிரும் பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அது வெண்கல நோய். உலோகத்துக்குள் சேர்ந்த குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போவது. துடைத்தாலும் திரும்ப வரும். அப்படிப்பட்ட பொருளை ஈரமில்லாத இடத்துக்கு மாற்றிவிட்டு, உலோகம் பழுதுபார்க்கத் தெரிந்த பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

செடி வைக்கலாமா? வைக்கலாம், மண்ணை நேராகக் கொட்டாமல். ஈரமும் உர உப்பும் உலோகத்துக்கு ஆகாது. பிளாஸ்டிக் தொட்டியோடு உள்ளே இறக்கி, அடியில் ஒரு தட்டு வையுங்கள். கறிவேப்பிலை, புதினா போல் சாப்பிடும் செடி எதுவும் வேண்டாம், உலோகத்தில் காரீயம் இருக்கிறது.

நிபுணர் யாரிடமாவது கேட்பதாக இருந்தால் அழகான முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் அனுப்பாதீர்கள். அடி முழுவதும், எழுத்து நெருக்கத்தில், உள்பக்கம், தேய்ந்த விளிம்பு, பிடி சேரும் இடம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து, உயரம், விட்டம், எடையோடு அனுப்புங்கள். பெரிய ஏல நிறுவனங்களின் ஆசியக் கலைப் பிரிவுகள் இப்படி வரும் படங்களைப் பார்த்து முதல் கருத்து சொல்வதுண்டு. அருங்காட்சியகங்கள் பொதுவாக விலை சொல்ல மாட்டார்கள்.